காப்பித் தோட்டத்தின் கீழ்ப் பாதி

கண்ணு,

இப்போது நீ என் காலடியில் உட்கார்ந்து, காப்பிக் கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தகர டின்னுக்குள் போட்டு, கவிழ்த்து, மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கிறாய். உனக்கு இரண்டு வயது முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இந்தக் கடிதம் இந்தப் பிள்ளைக்கு இல்லை. இருபது, இருபத்தைந்து வருடம் கழித்து, மீசை வைத்துக்கொண்டு, ஒருவேளை பக்கத்தில் மனைவியும் இருக்க, இதைப் பிரிக்கப்போகிற ஆளுக்கு. அந்த ஆளை எனக்கு இன்னும் தெரியாது. அவன் முகம் யாருடைய முகமாக இருக்கும், என்னுடையதா, உன் அப்பாவுடையதா என்று தினமும் உன்னைக் குளிப்பாட்டும்போது பார்க்கிறேன். நெற்றி மட்டும் அவருடையது என்று தெரிந்துவிட்டது.

ஏன் இப்போதே எழுதுகிறேன் என்றால், நான் பேசத் தெரியாதவள். நீ வளர்ந்து எதிரே நின்றால் எனக்கு வாய் வராது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். என்னைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி, சித்தப்பா வீட்டில் தங்கவைத்து, தாவரவியல் படிக்க வைத்தார். பி.ஏ. முடித்துத் திரும்பி வந்தவளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை, அவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. "சாப்டியா?" என்பார். "சாப்டேன்பா" என்பேன். அதோடு சரி. அவர் போன பிறகுதான், அவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்த ஒரு காகிதத்தைப் பார்த்து, அவர் எந்த ஊரில் பிறந்தார் என்பதையே தெரிந்துகொண்டேன். உனக்கும் எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. அதனால், என் கல்லூரி நோட்டுப் புத்தகத்தில் எஞ்சியிருக்கும் வெற்றுப் பக்கங்களில் எழுதுகிறேன். மலாக்காவில் இப்போது வேறு காகிதம் கிடைக்காது.

படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைவது அன்று சுலபமாக இல்லை. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மாப்பிள்ளைகள் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். உன் அப்பா ஏழாம் வகுப்பு வரை படித்தவர். மலாக்காவில் காஜா பெராங் தெருவில் முன்பக்கம் காப்பி வறுக்கும் கடை, பின்பக்கம் வீடு. பத்து பெரெண்டாம் போகும் வழியில், ஒரு சரிவில், இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். பெண் பார்க்க வந்த இடத்தில் யாரோ "பொண்ணு பேசவே மாட்டேங்குதே" என்றார்களாம். அதற்கு அவர், "விடுங்க, ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிடுறேன்" என்றாராம். அதைக் கேள்விப்பட்டுத்தான் நான் சம்மதித்தேன். இதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

கல்யாணமான இரண்டாம் வாரம் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். தோட்டம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைக்காரத் துரைகளின் ரப்பர் தோட்டங்கள்தான். வகிடெடுத்துச் சீவிய தலைமாதிரி வரிசைகள், கீழே ஒரு புல் இருக்காது. இங்கே எதுவும் வரிசையில் இல்லை. பெரிய இலைக் காப்பி மரங்களுக்கு இடையிடையே முள்முருங்கை, முருங்கை என்று சுருக்கிச் சொல்வோம், அதில் மிளகுக் கொடி. மேலே டுரியான் பழ மரம், நீள அவரைபோலக் காய்க்கும் பெத்தாய், ஒரு பலா. ஓரத்தில் வாழை. தரை முழுவதும் அழுகிய இலை. நடந்தால் கால் அமுங்கியது. எங்கோ ஏதோ பறவை கத்திக்கொண்டே இருந்தது. சோம்பேறியின் தோட்டம் என்று நினைத்தேன். இவரை நம்பியா வந்திருக்கிறோம் என்றும் நினைத்தேன்.

"என்னா, மூஞ்சி இப்படிப் போவுது?"

"ஒண்ணுமில்லைங்க."

"பீ.ஏ. பாஸ் பண்ண கண்ணுக்கு எல்லாம் குப்பையாத் தெரியுது. அதானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்தார். "குப்பை இல்ல புள்ள, சோறு. மரம் தனக்குத்தானே ஆக்கிக்கிற சோறு. நாம ஏன் கூட்டித் தள்ளணும்?" என்றார். எனக்கு அது படிக்காதவர் சமாளிக்கும் பேச்சாகத்தான் பட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் நாள் முழுக்கச் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. கூச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள். கூச்சத்துக்கு அடியில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அமைதியான பிள்ளைகளை ஊர் எப்போதும் அடக்கமானவர்கள் என்று எடுத்துக்கொள்ளும். நீயும் என்னைப் போல வாயில்லாதவனாக வளர்ந்தால், அந்தப் பாராட்டை அப்படியே நம்பிவிடாதே.

ஜப்பான்காரன் வந்த பிறகு, காப்பி வறுக்கும்போது சேர்க்கிற சீனியும் இல்லை, வெண்ணெயும் இல்லை. மக்காச்சோளத்தை வறுத்துக் காப்பியோடு கலந்து விற்றோம். கருவாட்டுக்கும் அரிசிக்கும் மாற்றினோம். அந்த நாட்களில்தான் நீ பிறந்தாய். உனக்கு நாலு மாதம் ஆனபோது வீட்டுக்கு ஒரு ஆள் சயாமில் ரயில் பாதை போட வர வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். போவதற்கு முந்தின நாள் உன் அப்பா என்னையும் உன்னையும் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஏதாவது சொல்லுவார், எதை வெட்டு, எதை வெட்டாதே என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மேலும் கீழும் நடந்தார். கடைசியில், "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நீ ரெண்டு வருசமாப் பாத்திருப்ப. உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது. அதனால நீயே பாத்துக்க" என்றார். என் படிப்பை அவ்வளவு நம்பினார்.

மூன்று மாதம் ஆறு மாதமானது. அதற்குள் அடுத்த உத்தரவு வந்தது. நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பாதி நிலத்தில் மரவள்ளி போட வேண்டும். ஓரமாக, வாழை நின்ற இடத்திலும் வேலிப் பக்கத்திலுமாகப் போட்டே கணக்கைச் சரிக்கட்டியிருக்கலாம். அக்கம்பக்கத்தில் அப்படித்தான் செய்தார்கள். நான்தான் முறைப்படி செய்ய நினைத்தேன். சரிவின் கீழ்ப் பாதியில் நிழல் மரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, தரையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காப்பி வரிசைகளுக்கு நடுவே மரவள்ளி. வெயில் விழுந்தால் காப்பியும் அதிகமாகக் காய்க்கும். அவர் திரும்பி வரும்போது மூட்டை மூட்டையாகக் காட்டலாம். பி.ஏ. என்றால் சும்மா இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கலாம். இந்த ஆசைதான் கண்ணு, வேறொன்றும் இல்லை.

ரப்பர் தோட்டத்தை மூடியதால் வேலையில்லாமல் இருந்த சின்னப்பன் என்கிற பால்மரத் தொழிலாளியைக் கூப்பிட்டேன். அவர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"முருங்கை எல்லாத்தையுமாம்மா? ஐயா வந்து கேட்டா?"

"எல்லாத்தையும் வெட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கூச்சப்படுகிறவர்கள் அபூர்வமாக ஒரு முடிவைச் சொல்லிவிட்டால், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் கூச்சப்படுவார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் வெட்டவெளியைப் பார்த்ததும் எனக்கே அதிகம் என்று பட்டது. போதும், நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாளில் கீழ்ப் பாதி முடிந்தது.

எங்கள் அடுத்த வீட்டு மங்களம் அக்காவை நீ வளரும்போது பார்த்திருப்பாய். இங்கே பல தலைமுறையாக இருக்கும் மலாக்காச் செட்டிக் குடும்பம். கோவிலுக்குப் போவார், பொங்கல் வைப்பார், ஆனால் பேச்செல்லாம் மலாய்தான். நடுநடுவே நம் சொற்கள் நாலைந்து வரும். அவர் பேசியதை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். வெட்டி முடித்த வாரம் விறகு வாங்க வந்தவர், கீழ்ப் பாதியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"உன் மரம் எது?"

"எது அக்கா?"

"கல்யாணத்துக் கால். பந்தலில் நட்டு, மஞ்சள் கட்டி, நீங்கள் சுற்றி வந்தீர்களே, அந்த முருங்கைக் கொம்பு. மூன்றாம் நாள் உன் புருஷனோடு நானும்தான் வந்தேன் அதை இங்கே நட. இதோ இந்தப் பக்கம்தான்."

கொம்பைத் தோட்டத்தில் நட்டதாக அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. எந்த இடம் என்று நான் கேட்டதே இல்லை. அது துளிர்த்ததா என்றுகூடக் கேட்கவில்லை. அதெல்லாம் பழக்கவழக்கம், மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். இருபதுக்கு மேல் அடிக்கட்டைகள் நின்றன. எல்லாம் ஒன்றுபோல இருந்தன. சின்னது எது என்று பார்த்து ஒன்றிரண்டைத் தொட்டுப் பார்த்தேன். மங்களம் அக்கா விறகுக் கூடையைக் கீழே வைத்தார். "நீ படித்த பொடோ" என்றார். மலாயில் முட்டாளுக்கு அதுதான் சொல். பிறகு என் கையிலிருந்து உன்னை வாங்கிக்கொண்டார்.

முதல் விளைச்சல் நான் நினைத்தபடியே வந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மரவள்ளி தொடை தடிமனுக்கு விளைந்தது. காப்பி, கிளை தெரியாமல் பூத்தது. மேல் பாதியைவிட இரண்டு பங்கு காய். எனக்குத் துக்கம்கூடக் கொஞ்சம் ஆறியது. மழைக்காலம் வந்ததும் ஆரம்பித்தது. சரிவில் ஓடிய தண்ணீர் சாயத் தண்ணீர்போலச் சிவந்து ஓடியது. காப்பியின் பக்க வேர்கள், கிழவர் கையில் நரம்புபோல, மேலே தெரிந்தன. அத்தனை காயைத் தாங்கிய மரங்கள் நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. எஞ்சிய பழங்களையும் பூச்சி துளைத்திருந்தது. மழை நின்றதும் மண் ஓடுபோல இறுகியது. இரண்டாவது மரவள்ளியைப் பிடுங்கினால் விரல் விரலாக வந்தது. ஆள் கிடைக்காததால் தொடாமல் விட்டிருந்த மேல் பாதியில் இதில் எதுவுமே நடக்கவில்லை.

அதன் பிறகுதான் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். பேசாதவர்களுக்கு அது ஒன்றாவது வரும். உன்னை மடியில் வைத்துக்கொண்டு மேல் பாதியில் ஒரு நாள், கீழ்ப் பாதியில் ஒரு நாள். மேலே சாங்குல் மண்வெட்டியால் கொத்தவே வேண்டாம், கையை விட்டால் மணிக்கட்டு வரை இறங்கும். ஒரு பிடி மண்ணில் மண்புழு நெளியும். கீழே கொத்தினால் தீப்பொறி பறக்காத குறை. மேலே கொண்டைக்குருவிகள் காப்பிக் கிளைகளில் ஏறி இறங்கிப் புழு பொறுக்கும். கீழே அவை பறந்து கடந்துபோகும், உட்காராது. மரநாய் பழம் தின்றுவிட்டுப் போட்ட எச்சத்தில் கொட்டைகள் முளைத்திருக்கும், அதுவும் மேலேதான். டுரியான் பொந்தில் கொசுத்தேனீக்கள் இருந்தன. காப்பி பூத்த நாளில் அந்தப் பொந்து வாசலில் ஒரே நெரிசல். சாயங்காலத்தில் டுரியான் பூவுக்கு வௌவால் வரும். உதிர்ந்த முருங்கை இலை பத்து நாளில் இருந்த இடம் தெரியாமல் மண்ணாகிவிடும். ஒரு முருங்கையின் வேரைத் தோண்டிப் பார்த்தேன். கடுகும் மிளகுமாகச் சிறு முண்டுகள். காற்றிலிருக்கும் சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பவை. இதே நோட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்தில் அவற்றை நான் பென்சிலால் அழகாக வரைந்து, பேராசிரியரிடம் பாராட்டு வாங்கியிருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அதே மரத்தைப் பக்கத்தில் நின்று வெட்டச் சொல்லியும் இருக்கிறேன். மகனே, நீ என்ன படித்தாலும் படி. படித்ததை வெளியே பார்க்கும்போது அடையாளம் தெரிகிறதா என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்.

இந்த வருடத் தொடக்கத்தில் உத்தரவு மறுபடி வந்தது. மேல் பாதியும் போக வேண்டும். மரம் விறகுக்கு, நிலம் மரவள்ளிக்கு. ஒரு ஜப்பானிய அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். அன்று எனக்கு வந்த பயம் அதிகாரியைப் பற்றியது இல்லை. உன் அப்பா திரும்பி வந்து நிற்பதற்கு ஒரு நிழல்கூட இருக்காதே என்பதுதான். நானே பாதியை அழித்துவிட்டேன். மீதியும் போனால் அவர் எந்த இடத்துக்குத் திரும்பி வருவார்?

மங்களம் அக்காவிடம் சொன்னேன். "வாயைத் திறந்து சொல், நிழலிலும் கிழங்கு வரும் என்று" என்றார்.

"எனக்கு அவங்க முன்னாடி பேச்சு வராதுக்கா."

"அப்படியானால் கிழங்கைப் பேச விடு."

ஏற்கெனவே அவர் சொல்லி, மேல் பாதியின் ஈரத்தில் சேம்பும், மரங்களின் மேல் ஏறும்படி வள்ளிக்கிழங்கும் போட்டிருந்தேன். அதிகாரி வரும் நாளன்று காலையில் எல்லாவற்றையும் தோண்டி ஒரு சாக்கின் மேல் பரப்பினோம். சேம்பு, வள்ளி, ஒரு தார் வாழை, பெத்தாய்க் காய்கள், ஒரு பலா, ஈரமான இடத்தில் பறித்த, மலாயில் பாக்கு என்கிற பெரணிக் குருத்துக் கீரை. பக்கத்தில் இன்னொரு சாக்கில், கீழ்ப் பாதியில் பிடுங்கிய விரல் மரவள்ளி, அதே அளவு இடத்தில் வந்தது.

அதிகாரியோடு மொழிபெயர்க்க ஒரு தமிழர் வந்திருந்தார், முன்பு பண்டார் ஹிலிரில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். குனிந்து வணங்கினேன். உன்னை இடுப்பில் வைத்திருந்தேன். நீ அந்த அதிகாரியின் வாளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தொரை கேக்குறாரு, இத்தனை மரம் எதுக்குன்னு."

எவ்வளவோ ஒத்திகை பார்த்திருந்தேன். முண்டு, மண்புழு, நிழல், மழை, எல்லாம். ஒன்றும் வரவில்லை. கையை நீட்டி ஒரு சாக்கைக் காட்டினேன். "மரம் வெட்டினா இது." மற்றதைக் காட்டினேன். "வெட்டாட்டி இது. வெட்டினது நான்தான். தப்புப் பண்ணிட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். "கடைசியில சொன்னதையும் சொல்லணுமாம்மா?"

"சொல்லுங்க."

அதிகாரி வள்ளிக்கிழங்கைத் தூக்கிப் பார்த்தார். விரல் மரவள்ளியைப் பூட்ஸ் காலால் உருட்டினார். பிறகு ஏதோ நீளமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்கிறாரு. அடுத்த மழைக்கப்புறம் வந்து பாப்பாராம். கெழங்கு கொறைஞ்சா மரம் போயிரும்."

"இவ்வளவு நேரம் பேசினாரே?"

"மத்ததெல்லாம் எனக்கே வெளங்கலம்மா. வாழைத்தாரை எடுத்து வண்டியில வைக்கச் சொன்னது மட்டும் தெளிவா வெளங்குச்சு."

பலாவும் அவர்களோடுதான் போயிற்று. போகட்டும்.

போன மாதம் ஒருவர் வந்தார். சயாமிலிருந்து தப்பி, மாதக்கணக்காக நடந்தும் ஒளிந்தும் உஜோங் பாசிரிலுள்ள தன் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். கால் முழுக்கப் புண். உன் அப்பாவோடு ஒரே கொட்டகையில் இருந்தாராம். அவர் கிளம்பும்போது உன் அப்பா உயிரோடு இருந்தார், காய்ச்சல் வந்து தணிந்திருந்தது என்றார். அது எட்டு மாதத்துக்கு முந்தைய செய்தி. நான் ஒன்றும் கேட்காததால் அவரே பேசினார்.

"உங்க வீட்டுக்காரருதான் அங்க எங்களுக்குச் சிரிப்பு மூட்டுவாரு. என் வீட்டுல பீ.ஏ. ஒண்ணு இருக்கு, நான் போயி நிக்கிறதுக்குள்ள தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கி, மரத்தையெல்லாம் வெட்டி, கோலம் போட்டு வச்சிருக்கும்பாரு."

"கோவமாச் சொல்வாருங்களா?"

"கோவமா? அதைச் சொல்றப்பதான் அவரு மொகத்துல சிரிப்பே வரும்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்று உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மேலும் கீழும் நடந்தபோதே தெரிந்திருக்கிறது. என்னை அவ்வளவு சரியாகப் படித்த மனிதரோடு நான் இரண்டு வருடம் ஒரே வீட்டில், சாப்டீங்களா, சாப்டேன் என்று காலம் கழித்திருக்கிறேன். கண்ணு, உனக்கு ஒருத்தி வருவாள். அவள் பேசாதவளாக இருந்தால் நீ பேசு. நீ பேசாதவனாக இருந்தால் கேள்வியாவது கேள். எந்த இடத்தில் நட்டாய், துளிர்த்ததா, இப்படிச் சின்னக் கேள்விகள். அவற்றுக்குப் படிப்புத் தேவையில்லை.

மேல் பாதி முருங்கைகளில் கிளை ஒடித்துக் கீழ்ப் பாதியில் நட்டுக்கொண்டிருக்கிறேன். முழங்கை நீளக் கொம்பு போதும், நட்டால் பிடித்துக்கொள்கிறது. இதுவரை முப்பத்திரண்டு நட்டேன், ஏழு பட்டுப்போயின. மரவள்ளியை வரிசை மாற்றி, சரிவுக்குக் குறுக்காகப் போட்டிருக்கிறேன். காய்ந்த காப்பி மரங்களைத் தரையோடு வெட்டிவிட்டேன், சிலவற்றில் புதுக் குருத்து வருகிறது. மேல் பாதியிலிருந்து கூடை கூடையாகச் சருகைக் கொண்டுவந்து கொட்டுகிறேன். நீயும் கைப்பிடி அளவு கொண்டுவந்து போடுகிறாய், பாதி வழியில் சிந்திவிடுகிறது. இவையெல்லாம் தலைக்கு மேல் உயர்ந்து நிழல் தர இன்னும் மூன்று வருடமாவது ஆகும். மழைக்குப் பிறகு அந்த அதிகாரி வருவார். அதற்கு முன்பு உன் அப்பா வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

வந்தால் அவர் வீட்டுக்குள் வந்து உட்காரமாட்டார். உன்னைத் தூக்கிக்கொண்டு நேரே தோட்டத்துக்குத்தான் போவார். கீழ்ப் பக்கத்து வழியாகத்தான் நுழைய வேண்டும். அதனால் முதலில் கண்ணில் படுவது அந்த மொட்டைச் சரிவும், இடுப்பளவு முருங்கைக் கொம்புகளும்தான். நான் முன்னால் ஓடி மறைக்கமாட்டேன். பார்க்கட்டும். அவர் ஏதாவது சொல்லுவதற்கு முன்னால், நான் பேசுவேன்.

உன் அம்மா